படிவம் கேட்காத கேள்விகள்

2010இல் நாட்டின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரசு வந்து நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். கையில் 35 கேள்விகள் கொண்ட படிவம். குடிநீர் எங்கிருந்து? கழிவுநீர் எங்கே போகிறது? சமையல் விறகிலா, கேஸிலா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளியான விடைகள் சுகமானவை அல்ல. 48.9 சதவிகித வீடுகளுக்குச் சாக்கடை வசதியே இல்லை. ஏறக்குறைய பாதி வீடுகளில் விறகடுப்பு. 17.6 சதவிகிதக் குடும்பங்களுக்குக் குடிநீர் 'தொலைவில்'. கிராமத்தில் அரை கிலோமீட்டரைத் தாண்டினால்தான் படிவம் அதைத் தொலைவு என்று ஒப்புக்கொள்ளும். நகரத்தில் 100 மீட்டர். இடுப்பில் குடம் வைத்து நடந்தவர் யாரும் இந்த அளவைப் போட்டிருக்க மாட்டார்.

கேட்காமல் விட்டவையும் உண்டு. குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது? அடுப்பின் முன் உட்கார்ந்து இருமுவது யார்? குப்பையைப் பற்றியும் பேச்சில்லை. 2018இல் தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று அதைக் கேட்டது. சத்தத்துக்கு 2000இலேயே விதி வந்துவிட்டது: குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான். ஆனால், பக்கத்து மண்டபத்து ஒலிபெருக்கியால் குழந்தை தூங்கவில்லை என்று ஒரு தாய் சொல்லியிருந்தாலும் அதை எழுதிக்கொள்ள அந்த 35இல் ஒரு கட்டமும் கிடையாது.