'மொழி மரபணு' என்று ஒன்று உண்டா? லண்டன் குடும்பம் ஒன்றின் கதை

நாம் பேசுகிறோம், கதை சொல்கிறோம். சிம்பன்ஸியால் ஏன் முடியவில்லை? இப்படிக் கேட்டால் இணையத்தில் டக்கென்று வந்து விழும் பதில், 'மொழி மரபணு'. அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

லண்டனில் வசித்த ஒரு குடும்பத்திலிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்கியது. ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் 'கே.இ.'. மூன்று தலைமுறைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. காது கேட்டது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால், ஒரு சொல்லுக்கான ஒலிகளை வரிசையாக எழுப்ப நாக்கும் உதடும் ஒத்துழைக்கவில்லை. இலக்கணத்திலும் தடுமாற்றம்.

2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் காரணத்தைப் பிடித்தார்கள். 7-வது குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்பி2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான், 'மொழி மரபணு சிக்கியது' என்று செய்திகள் பறந்தன.

விஷயம் அத்தனை எளிதல்ல. இந்த மரபணு ஒரு மேஸ்திரி மாதிரி. மற்ற மரபணுக்களை எப்போது வேலை செய்ய வைப்பது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும். எலிக்கும் இது உண்டு. சிம்பன்ஸிக்கும் உண்டு, அதன் புரதத்துக்கும் நம்முடையதற்கும் இரண்டே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். அந்த இரண்டும் நவீன மனிதர்களிடம் மட்டும் அண்மைக்காலத்தில் வந்தவை என்று 2002-ல் சொன்னார்கள். 2007-ல் ஸ்பெயினில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளிலும் அவை இருந்தது தெரிந்தது!

அதே ஆண்டு வெளியான பறவை ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சு, வளர்ந்த ஆண் பறவை பாடுவதைக் கேட்டுத்தான் பாட்டுக் கற்கும். அதன் மூளையில் ஒரு பகுதியில் இந்த மரபணுவின் அளவைக் குறைத்தார்கள். குஞ்சு பாடியது, பாட்டு அரைகுறையாக வந்தது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லப் பழகுவதில் இதற்குப் பங்கு உண்டு என்பது அதிலிருந்து புரிந்தது.

கதை சொல்ல அது மட்டும் போதுமா? நேற்று நடந்தது நினைவிருக்க வேண்டும், நடக்காததைக் கற்பனை செய்ய வேண்டும், கேட்பவர் என்ன நினைப்பார் என்று ஊகிக்கவும் வேண்டும். இத்தனையையும் ஒரே மரபணுவின் தலையில் கட்ட முடியாது.

குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் 'மரபணுக் கோளாறோ' என்று பெற்றோர் பதற வேண்டாம். ஃபாக்ஸ்பி2 பிழை மிகவும் அரிது. முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கலாம். மரபணு டெஸ்ட் தேவையா என்பதை மருத்துவர் சொல்வார்.