பொம்மிடியில் நிற்கும் ரயில்கள்: அட்டவணையை நிரலால் கட்டுவது

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் பாதையில், மொரப்பூருக்கு அடுத்து ஓரளவு பெரிய ஸ்டேஷன் பொம்மிடி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக்காரர்கள் ரயிலேற இங்கே வருவார்கள். இந்தப் பாதையில் ஓடும் ரயில்களில் பல இங்கே நிற்பதில்லை. ஆகவே ஊருக்கென்று ஒரு இணையப் பக்கம் செய்தால், அதில் இருக்க வேண்டியது நிற்கிற ரயில்கள் மட்டும்: ரயிலின் பெயர், சென்னைப் பக்கமா சேலம் பக்கமா, வரும் நேரம், தாமதம் இருந்தால் ஒரு குறிப்பு.

ஒவ்வொரு வரிசையையும் ஹெச்டிஎம்எல்லில் கையால் தட்டலாம். ஆனால் ரயில்வே நேரத்தை மாற்றும்போதெல்லாம் டேகுகளுக்கு நடுவே புகுந்து திருத்திக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் ரயில் விவரங்களைத் தனியே ஒரு பட்டியலாக வைத்துவிட்டு, வரிசையின் அச்சை நிரலில் ஒரே ஒரு முறை எழுதலாம். பட்டியலில் எத்தனை ரயில் இருக்கிறதோ அத்தனை முறை அந்த அச்சு ஓடும். டெம்ப்ளேட் என்பது இவ்வளவுதான்.

இதற்குக் கைகொடுப்பது ஜேகுவெரி. ஜான் ரெசிக் 2006-இல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அது. ஒரே நிரல் ஒரு பிரவுசரில் ஓடும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும் என்றிருந்த காலம். அந்தத் தொல்லையை மறைத்ததோடு, கட்டளைகளைப் புள்ளி வைத்து அடுத்தடுத்துக் கோக்கும் வசதியையும் அது பழக்கப்படுத்தியது. ஒரு வரி இப்படி இருக்கும் (கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்):

$("<டிடி>").ஆட்கிளாஸ்("நேரம்").டெக்ஸ்ட்(ரயில்.நேரம்)

டிடி என்ற கட்டத்தை உண்டாக்கு, அதற்கு 'நேரம்' என்று கிளாஸ் கொடு, உள்ளே நேரத்தை எழுது. பார்க்க ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டியது போல இருக்கும். ஆனால் அப்படி நினைத்தால் ஏமாந்துபோவோம். இங்கே பெட்டிகள் பல இல்லை, ஒன்றுதான். ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையை முடித்துவிட்டு அதே பெட்டியை அடுத்த கட்டளையின் கையில் கொடுக்கிறது. கொடுக்காத கட்டளை வந்தால் சங்கிலி அறுந்துவிடும். டெக்ஸ்ட் கட்டளையை அடைப்புக்குள் எதுவும் தராமல் கூப்பிட்டால் அது எழுதாது, உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துத் தரும். அதற்குப் பின்னால் ஆட்கிளாஸ் போட்டால் பிழைதான்.

தொடங்குகிறவர்களை அதிகம் குழப்புவது அப்பெண்ட், அப்பெண்ட்டு என்ற ஜோடி. இரண்டும் டிடி கட்டத்தை டிஆர் வரிசைக்குள் வைக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. சங்கிலியில் அடுத்து யார் நிற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். டிஆரில் தொடங்கி அப்பெண்ட் செய்தால் கையில் மிஞ்சுவது டிஆர். டிடியில் தொடங்கி அப்பெண்ட்டு செய்தால் மிஞ்சுவது டிடி. இதன் பின்னால், சிவப்பு நிறம் தரும் 'தாமதம்' என்ற கிளாஸைச் சேர்த்துப் பாருங்கள். முதல் வகையில் வரிசை முழுக்கச் சிவப்பாகும், இரண்டாவதில் அந்த ஒரு கட்டம் மட்டும் சிவக்கும்.

இதனால்தான் முழு அட்டவணையையும் ஒரே மூச்சுச் சங்கிலியாக எழுதிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு வழி இருக்கிறது. ஃபைண்ட் போன்ற கட்டளையால் உள்ளே போனபின் எண்ட் என்று சொன்னால் முந்தைய இடத்துக்குத் திரும்பலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவர் எத்தனையாவது எண்ட் எங்கே கொண்டுவிடுகிறது என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கும். ஒரு உறுப்புக்கு ஒரு சங்கிலி, வரிசைக்குத் தனிப் பெயர், கட்டத்துக்குத் தனிப் பெயர் என்று எழுதினால் நாலு வரி கூடும். கூடட்டுமே.

வரிசைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஒட்டாமல், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் ஒட்டுவது நல்லது. பொம்மிடி அட்டவணைக்கு இது பெரிதில்லை. நூற்றுக்கணக்கில் வரிசை வந்தால் தெரியும்.

பெரிய விஷயம் பாதுகாப்பு. தாமதக் குறிப்பைப் பயணிகளே எழுதி அனுப்பலாம் என்று வைத்தால், அதை ஹெச்டிஎம்எல் கட்டளையால் உள்ளே போடக் கூடாது. யாராவது குறிப்புக்குள் ஸ்கிரிப்ட் டேகை நுழைத்தால், ஜேகுவெரி அதை ஓட்டியே விடும். டெக்ஸ்ட் கட்டளையோ வந்ததை வெறும் எழுத்தாகவே காட்டும். இதில் நம்மைக் கவிழ்க்கும் ஒரு நுணுக்கம் உண்டு. '<' குறிக்குப் பின் ஆங்கில எழுத்து வந்தால்தான் பிரவுசர் டேக் தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தோ எண்ணோ வந்தால் குறியை அப்படியே காட்டிவிடும். தமிழ்க் குறிப்புகளை மட்டும் போட்டுச் சோதித்தால் ஓட்டை கண்ணில் படவே படாது.

இன்று இதே வேலையை ஜேகுவெரி இல்லாமலும் பிரவுசரே செய்யும். அதிலும் அப்பெண்ட் என்ற பெயரிலேயே கட்டளை உண்டு, ஆனால் அது எதையும் திருப்பித் தராது. கிளாஸ் சேர்க்கும் கட்டளையும் அப்படியே. பழைய பக்கத்தை மாற்றி எழுதுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது, அப்பெண்டின் அடைப்புக்குறி மூடியபின் புள்ளி வரும் இடங்களைத்தான்.