புற்றரையிற் களைநாசினிப் பிரயோகம்

வெங்காயத் தோட்டத்தில் அறுகு தோன்றினால் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அதனை வேரோடு கிண்டி வெயிலிற் காயவிடுகின்றான். அவ்வறுகே கல்லூரி மைதானத்திற் படர்ந்தால் அதற்குத் தண்ணீர் விட்டுப் பேணுகின்றனர். களை என்பது தாவரவியலார் வகுத்த ஒரு குலமன்று. வேண்டாவிடத்து முளைத்ததே களை. புற்றரைக்கு மருந்திடுவோனின் இடர்ப்பாடும் இங்கேயே தொடங்குகின்றது. காக்கவேண்டியதும் அழிக்கவேண்டியதும் ஒரே சாண் நிலத்திற் பின்னிக் கிடக்கின்றன. அன்றியும், மருந்து விழுந்த அந்நிலத்திலேயே சிறுவர் வெறுங்காலுடன் ஓடி விளையாடுவர்.

ஒன்றைக் கொன்று மற்றொன்றை விடும் மருந்து எங்ஙனம் கிடைத்தது? 1880ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும், புல் நாற்றுக்கள் ஒளியை நோக்கி வளைவதை ஆராய்ந்து, நுனியிலிருந்து ஏதோவொரு தூண்டல் கீழே செல்கின்றதெனக் கண்டனர். அத்தூண்டல் ஓர் இரசாயனப் பொருளே என்பதை ஒல்லாந்து தேசத்து வென்ற் என்பார் 1928இல் வெளியிட்ட ஆய்வினால் நிறுவினார். ஒட்சின் எனப் பெயர்பெற்ற அவ்வளர்ச்சிப் பொருளைப் போலச் செயற்கையாக ஆக்கப்பட்டதே 2,4-டி. இத்தகைய பொருள்கள் களையைக் கொல்லும் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறியப்பட்டது. 1944இல் அமெரிக்கப் புற்றரைகளிலும் 2,4-டி பரீட்சிக்கப்பட்டது.

நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி முதலிய அகன்ற இலைக் களைகள் இருவித்திலைத் தாவரங்கள். இலை வழியே மருந்து உட்புகுந்ததும் அவற்றின் தண்டு முறுகி, வளர்ச்சி நெறிகெட்டுச் செடி மடிகின்றது. புல்லின் இலையோ ஒடுங்கி நிமிர்ந்தது. வளர்நுனி இலையுறைகளுள் மறைந்திருப்பது. உட்புகும் சிறிதளவு மருந்தையும் புல் பெரும்பாலும் தீங்கற்றதாக மாற்றிவிடுகின்றது. நெருஞ்சியைப் பொறுத்தவரை, அது முட்காய் கொள்ளுமுன் மருந்திட வேண்டும். காய் முற்றியபின் செடியைக் கொல்வதனால் ஓடுவோன் காலுக்கு யாதொரு நன்மையும் இல்லை.

கோரையைப் புல்லென்று மயங்குவோர் பலர். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு அவ்வாறன்று. அதன் வலிமை நிலத்தடியிலே கோவையாக இணைந்துள்ள கிழங்குகளில் உளது. செடியைப் பிடுங்கக் கோவை அறுகின்றது. உறங்கிக்கிடந்த கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. இலையை மட்டும் எரிக்கும் மருந்தினாற் பயனில்லை. ஹலோசல்பியூரன் போன்ற மருந்து அறுகைப் பெரிதும் ஊறுபடுத்தாது கிழங்குவரை செல்லவல்லது. ஆயினும் ஒரேமுறையிற் கோரை ஒழிந்துவிடும் எனக் கருதலாகாது.

மருந்தைக் கூட்டினால் விரைவிற் பலன் கிடைக்கும் என்னும் எண்ணமே எல்லாப் பிழைகளிலும் கொடியது. அளவு மிகுந்தால் இலை உடனே கருகும், பார்ப்போர் மகிழ்வர். ஆனால், கருகிய இலை மருந்தைக் கீழே கடத்தமாட்டாது. சில கிழமைகளில் அதே வேரிலிருந்து களை மீளத் துளிர்க்கும். களை செழித்து வளரும் காலமே மருந்திடும் காலம். வரட்சியால் வாடிய தரையில் இடலாகாது. இடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்களேனும் புல் வெட்டாதிருத்தல் நன்று.

சரியான அளவை அறிதற்குத் தெளிகருவியை முதலில் வெறும் நீரினாற் பரீட்சித்தல் வேண்டும். பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் உள்ள நிலத்தை அளந்து, வழக்கமான நடையிற் சீராகத் தெளித்து, செலவான நீரை அளக்க. நான்கு லீற்றர் செலவாயின், பதினாறு லீற்றர் கொள்ளும் கருவி 400 சதுர மீற்றருக்குப் போதும். ஹெக்டயருக்கு இரண்டு லீற்றர் மருந்து எனச் சிட்டையிற் குறித்திருப்பின், அக்கருவிக்கு 80 மில்லிலீற்றரே வேண்டும். நடப்பவர் மாறினாலும் நுனித்துளை தேய்ந்தாலும் இக்கணக்கு மாறிவிடும்.

கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் வேளையே ஆபத்து மிக்கது. நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே உட்செல்வதாதலால், கையுறை, மூடிய சப்பாத்து, நீண்ட காற்சட்டை ஆகியன இன்றியமையாதன. அடைபட்ட நுனித்துளையை வாயினால் ஊதுவதும், கை கழுவாது வெற்றிலை போடுவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. காற்று அடங்கிய காலையிலே தெளித்தல் வேண்டும். முந்திரிகைக் கொடி, புகையிலை, தக்காளி என்பன காற்றோடு செல்லும் 2,4-டியின் நுண்துளிகளுக்கும் சுருண்டுவிடும். குடாநாட்டின் சுண்ணக்கற்பாறை வெடிப்புக்கள் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவிற் கிணற்று நீரை அடையும். ஆதலின், கிணற்றடியிற் கருவியைக் கழுவவே கூடாது. கழுவிய நீரையும் மருந்திட்ட தரையிலேயே மெல்லிதாகத் தெளித்துவிடுதல் தகும். சிட்டை குறிக்கும் காலம் கழியும்வரை சிறுவரையும் ஆடுமாடுகளையும் அங்கே விடலாகாது. மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் வழக்கம் பல உயிர்களைக் குடித்துள்ளது.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற மருந்துகளே விற்கப்படலாம். பராகுவற்று 2008 முதல் 2011 வரையிற் படிப்படியாக விலக்கப்பட்டது. கிளைபோசேற்றுக்கு 2015இல் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. எனினும் அது அறுகையும் சேர்த்தே கொல்வதால் விளையாடும் தரைக்கு உரியதன்று. வாங்குமுன் அவ்வாண்டின் பதிவையும், அம்மருந்து புற்றரைக்கு விதந்துரைக்கப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் கடனாகும்.

களை மடிந்த இடம் சில நாள்களில் மொட்டையாகத் தோன்றும். மைதானங்களிற் பந்துக்காப்பாளன் நிற்குமிடமும் துடுப்பாட்டக்காரர் ஓடுமிடமும் பெரும்பாலும் இத்தகையன. மிதிபட்டு இறுகிய மண்ணில் அறுகு மெலிய, களை அங்கே குடிபுகுகின்றது. அம்மண்ணை முள்ளாற் குத்தி இளக்கிச் சிறிது எரு தூவி, மருந்தின் வீறு அடங்கியபின், ஐப்பசி கார்த்திகை மழையோடு அறுகின் ஓடுதண்டுகளைச் சாண் இடைவெளியிற் பதித்தல் வேண்டும். அவை ஒன்றோடொன்று கூடும்வரை அவ்விடத்திற் பந்தாட்டத்தை நிறுத்திவைக்க உடற்பயிற்சி ஆசிரியரின் இசைவு பெறுதலே எஞ்சிய வேலை.