ஆடுகிற பல்லும் போகிற சம்பளமும்

தோட்டத் தோழர்களே, உங்கள் லயத்தில் எத்தனை பேருக்குப் பல் ஆடுகிறது? யாரும் வெளியே சொல்வதில்லை. நாக்காலே தள்ளிப் பார்த்துக்கொண்டு, "வயசாச்சு, விழத்தானே செய்யும்" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

வயதின் மேல் பழி போட்டால் போதாது. 2010-ல் நம் நாட்டுப் பெரியவர்களின் வாயைப் பார்த்த தேசிய ஆய்வில், நூற்றுக்கு 94 பேருக்கு ஏதோ ஓர் ஈறுக் கோளாறு இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈறு பல்லை விட்டு விலகிப் பள்ளம் விழுந்திருந்தது. பல் ஆட்டத்துக்கு ஆரம்பம் அங்கேதான்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காள் ஒருவர், ஜார்ஜ்டவுனில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். நாம் அவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் இரண்டு கருவிகளின் பிடிகளுக்கு நடுவே ஒவ்வொரு பல்லையும் வைத்து அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் காப்பாற்றலாமாம். மேலும் கீழும் ஆடினால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டுமாம்.

"வலியே இல்லையே டாக்டர்!" என்றார் அக்காள். அதுதான் இந்த நோயின் சூது. பல்லோரம் படியும் அழுக்கு கல்லாக இறுகும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். உள்ளே எலும்பு கரையும். புகையும் இனிப்பு நீரும் இதை விரைவாக்கும்.

"கல்லை எடுத்தா பல்லு இன்னும் ஆடுமாமே?" என்றும் கேட்டார். நம்மவர் பலருக்கும் இதே பயம். ஆடும் பற்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஈறு ஆறினால் பல பற்கள் இறுகும்.

இதே பினாங்கில் 1949-ல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அவர்கள் கவனித்தது பள்ளிப் பிள்ளைகளை. பெரியவர்களான நாமோ பல் ஆடிய பிறகுதான் போகிறோம். கேட்டால், "ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்பார்கள்.

போகாது, தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, பல் டாக்டர் தரும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தனியாக அல்ல, வழக்கமான நோய் விடுப்பில் கழியும்: இரண்டு வருஷத்துக்குக் குறைந்த வேலைக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18, அதற்கு மேல் 22. ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அக்காளுக்கு இரண்டு பல் போயிற்று. மற்றவை நிற்கின்றன. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். எம்.சி.யை மறுநாள் காலையே கிராணியிடம் கொடுத்துவிட்டார்.