கைவினைக் கண்ணாடியும் விற்பவர் பொறுப்பும்

உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தின் உலைகளில் ஊதி எடுக்கும் குவளையானாலும், வீட்டுப் பின்கட்டில் சிறு உலை வைத்து ஒருவர் வார்க்கும் தட்டானாலும், விலைக்குக் கைமாறிய பின் அதனால் நேரும் தீங்குக்கு யார் ஜவாப்தாரி என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

கண்ணாடியின் பெருந்தோஷம் கண்ணுக்குப் புலப்படாதது. பழுக்கக் காய்ந்த பாத்திரத்தை வெறுங்காற்றில் ஆறவிட்டால், மேற்புறம் முந்தி இறுகிவிட, உட்புறம் பின்னர் சுருங்க முயல்வதால், உள்ளேயே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. அது பல மாதம் சும்மா கிடந்து, ஒருநாள் வெந்நீர் பட்ட மாத்திரத்தில் பாத்திரத்தைப் பிளந்துவிடவும் கூடும். ஆகையால்தான் சாதாரணக் கண்ணாடியை 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஆற்றுகிறார்கள். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளின் நடுவே பொருளை வைத்து விளக்கொளியில் பார்த்தால், விசையற்ற பாகம் இருண்டிருக்க, விசை தங்கிய பாகம் பளிச்சென்று ஒளிவிடும். ஈயம் கலந்த கண்ணாடியிலோ அபாயம் வேறு விதம்: புளிப்பான பானத்தை அதில் நெடுநேரம் வைத்தால் ஈயம் சிறிது சிறிதாகக் கசிந்து கலக்கும்.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருப்பதையும், உபயோகிக்கும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு சொல்லாமல் விடுவதையும், தயாரிப்பாளர் நஷ்டஈடு தருவதற்குரிய தனித்தனிக் காரணங்களாக 84ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. பிறர் செய்த பொருளில் தம் முத்திரையை ஒட்டி விற்பவரும் சட்டப்படி தயாரிப்பாளரே என்பதை, மொத்தமாக வாங்கித் தம் பெயரில் விற்கும் சிறு கடைக்காரர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். ஆயினும், உடைந்த சில்லு கையைக் கிழிக்கும் என்பது போன்ற, எல்லோரும் அறிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளர்மேல் குற்றம் சுமத்த இயலாது. பொருளைத் தகாதவாறு கையாண்டதால் விளைந்த தீங்குக்கும் விலக்கு உண்டு.

எனவே, அடுப்பில் வைக்கலாகாது, வெந்நீர் ஊற்றலாகாது, அலங்காரத்துக்கு மட்டுமே என்ற விவரங்களைத் தாய்மொழியில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பதும், எந்த உலையில் எந்நாளில் ஆற்றியது என்று குறித்துவைப்பதும், இயன்றால் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் விவேகமாகும். ஆனால் எச்சரிக்கைக் குறைவும் தயாரிப்புக் குறையும் சட்டத்தில் வெவ்வேறு காரணங்களாதலால், சரியாக ஆற்றாத பாத்திரத்துக்கு எத்தனை விரிவான சீட்டும் பரிகாரமாகாது.