கல் உரைத்ததும் களிமண் உரைத்ததும்

நுழையும்முன்

கடந்த காலத்தை நேரில் கண்டவர் எவரும் இன்று இல்லை. நூல்களும் கல்வெட்டுகளும் மண்ணில் புதைந்த பொருள்களுமே அதற்குச் சாட்சிகள். ஒரே ஒரு சாட்சி மட்டும் கிடைக்குமாயின், அதன் கூற்றை அப்படியே மெய்யெனக் கொள்ளலாமா? மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த போர் ஒன்றின் வழியாக இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

கோயில் சுவரில் வெற்றி முழக்கம்

எகிப்திய அரசன் இரண்டாம் ராமேசஸும் ஹிட்டைட்டு அரசன் இரண்டாம் முவதாலியும் பொ.ஆ.மு. 1274ஆம் ஆண்டளவில், இன்றைய சிரியாவிலுள்ள காதேஷ் நகரின் அருகே போரிட்டனர். நாடு திரும்பிய ராமேசஸ், அப்போரை அபு சிம்பல், லக்சர், அபிடோஸ் முதலிய இடங்களிலுள்ள கோயில்களில் காட்சிகளாகவும் எழுத்தாகவும் செதுக்கச் செய்தான். சுவர்களில் மன்னன் பேருருவாகத் தேர்மீது நிற்கிறான். பகைவரோ சிற்றுருவங்களாகச் சிதறி ஓடுகின்றனர். தன் படை கைவிட்ட நிலையிலும் தனியொருவனாய் நின்று வென்றதாக அவன் பெருமிதம் கொள்கிறான். பாப்பிரஸ் தாளிலும் இச்செய்தி படியெடுக்கப்பட்டது.

1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தார். அதன்பின் ராமேசஸின் குரல் மீண்டும் ஒலித்தது. எனினும், அவ்வெழுத்துகளைக் கூர்ந்து படிப்போர்க்கு ஐயம் எழுகிறது. பகைவர் தொலைவில் இருப்பதாக ஒற்றர் இருவர் கூறிய பொய்யை மன்னன் நம்பியதையும், எதிர்பாராத் தாக்குதலில் படைப்பிரிவு ஒன்று நிலைகுலைந்ததையும் அவையே ஒப்புக்கொள்கின்றன. காதேஷ் நகர் கைப்பற்றப்பட்டதாக அவை எங்கும் கூறவில்லை.

மண்ணில் கிடைத்த மறுமொழி

1906ஆம் ஆண்டில் துருக்கியின் பொகாஸ்கோய் என்னும் ஊரில் ஜெர்மானிய அறிஞர் ஹூகோ விங்க்ளர் அகழாய்வைத் தொடங்கினார். ஆப்பு வடிவ எழுத்துகள் பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவ்விடமே ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்துசா என்பது உறுதியாயிற்று. அங்குக் கிடைத்த ஆவணங்கள் முவதாலியே எகிப்திய மன்னனை வென்றதாகக் கூறுகின்றன. போருக்குப்பின் அமுர்ரு நாடு மீண்டும் ஹிட்டைட்டுகளின் வசமானதையும் அவை தெரிவிக்கின்றன.

பொ.ஆ.மு. 1259ஆம் ஆண்டளவில் ராமேசஸும் மூன்றாம் ஹத்துசிலியும் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையின் படியும் அப்பலகைகளிடையே இருந்தது. ஒருவர் நாட்டின்மீது மற்றவர் படையெடுப்பதில்லை, பிறர் தாக்கினால் துணைநிற்பது, தப்பி வந்தோரைத் திருப்பி அனுப்புவது, அவ்வாறு அனுப்பப்பட்டோரைத் தண்டியாதிருப்பது ஆகியன அதன் கூறுகள். இதன் எகிப்திய வடிவம் கர்நாக் கோயில் சுவரில் உள்ளது. ஹிட்டைட்டுத் தூதர்கள் அமைதி வேண்டி எகிப்திய மன்னனை நாடி வந்தனர் என அது தொடங்குகிறது. களிமண் படியில் அத்தகைய பணிவு இல்லை. அங்கு இருவரும் பேரரசர்கள், உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர்கள். உடன்படிக்கை பொறிக்கப்பட்ட மூல வெள்ளிப் பலகைகள் கிடைக்கவில்லை. எளிய களிமண்ணே எஞ்சி நின்று சான்றளித்தது.

சான்றை வினவுதல்

கல் பொய், களிமண் மெய் என முடிவு செய்வதும் பிழையே. இரண்டும் அரசவையில் பிறந்தவை. இரண்டும் தத்தம் மன்னனைப் போற்றுபவை. இரண்டையும் ஒப்பிட்ட வரலாற்றறிஞர் பலர், ராமேசஸ் பேரழிவிலிருந்து தப்பினான், ஆனால் காதேஷைப் பெறவில்லை என்னும் முடிவுக்கு வந்தனர். இம்முடிவை எந்தவொரு சான்றும் தனித்து நின்று தந்திருக்க இயலாது.

எனவே, சான்று எதுவாயினும் அதனை உருவாக்கியவர் யார், யாருக்காக உருவாக்கினார், எதைக் கூறாமல் விட்டார் என வினவுதல் வேண்டும். காதேஷ் களத்தில் மாண்ட வீரர்களும், அந்நகரில் அஞ்சி வாழ்ந்த மக்களும் அப்போரை எவ்வாறு கண்டனர் என்பதை மன்னர்களின் எழுத்துகள் உரைக்கவில்லை. உடன்படிக்கையின் பிரதி ஒன்று இன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் உள்ளது. வெற்றியைப் பற்றிய இரு கூற்றுகள் இன்றும் முரண்பட்டே நிற்கின்றன. இரு தரப்பும் உடன்பட்ட அமைதியே உலகின் பொதுச் சான்றாய் நிலைத்திருக்கிறது.