எரிமலைச் சாம்பலில் எழுந்த நகரம்

எரிமலை கக்கும் சாம்பலை வைத்து ஒரு வீடு கட்ட முடியுமா? ஆர்மீனியர்கள் ஒரு தலைநகரத்தையே கட்டினார்கள், தம்பி தங்கைகளே! அதன் பெயர் அனி. இன்றைய துருக்கியின் கிழக்கு ஓரத்தில் ஆளரவமற்று இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் ஆர்மீனியா.

961-இல் மூன்றாம் அஷோட் என்ற அரசர் இதைத் தலைநகராக்கினார். இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். முக்கோண வடிவ மேட்டுநிலம். ஒரு பக்கம் அகூரியன் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கமும் பள்ளத்தாக்கு. எதிரி வர வடக்கு மட்டும்தான் வழி. அங்கே அவர் மகன் இரண்டாம் சிம்பாட் இரட்டை மதில் எழுப்பினார்.

இனி கல்லுக்கு வருவோம். எரிமலைச் சாம்பல் படிந்து, இறுகி, காலப்போக்கில் கல்லாகிறது. இதுதான் டஃப் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய இருப்பதால் எடை குறைவு. வெட்டுவதும் எளிது, பூவேலை செதுக்குவதும் எளிது. வெட்டியெடுத்து வெளியே வைத்தால் காற்றுப் பட்டுக் கெட்டியாகிவிடும்! சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று நிறங்களும் உண்டு.

சுவர் முழுவதும் இந்தக் கல் என்று நினைக்காதீர்கள். கொழுக்கட்டைக்கு மேல்மாவு போல, வெளியே மட்டும்தான் டஃப் பலகைகள். உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பூரணம்! சாந்து இறுகியதும் சுவர் ஒரே பாளமாகிவிடும். நிலநடுக்கம் அடிக்கடி வரும் ஊரில் இது பெரிய உதவி.

இந்த வித்தையில் தேர்ந்தவர் திர்தாத் என்ற கட்டடக் கலைஞர். அனியின் பேராலயத்தை அவர் கட்டத் தொடங்கிய 989-இலேயே, தொலைவில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நிலம் நடுங்கி, ஹேகியா சோஃபியா என்ற பேராலயத்தின் குவிமாடத்தில் ஒரு பகுதி இடிந்தது. அதைச் செப்பனிட அழைக்கப்பட்டவர் திர்தாத்! முதலில் வரைபடமும் மாதிரி வடிவமும் செய்து வைத்துக்கொண்டுதான் வேலையில் இறங்கினாராம். இன்றைய பொறியாளர்களும் அப்படித்தானே செய்கிறார்கள்?

அனியில் கல் வேலை மட்டும் நடக்கவில்லை. 992-இல் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமை பீடம் இங்கே வந்தது. பிறகு, ஹோவன்னெஸ் இமஸ்தாசெர் என்ற அறிஞர் இங்கே பாடம் சொன்னார். ஆர்மீனிய நாட்காட்டியில் அதுவரை எல்லா ஆண்டுக்கும் 365 நாள்தான். லீப் நாளே கிடையாது. அதனால் பண்டிகைகள் பருவம் மாறி நகர்ந்துகொண்டே இருந்தன. 1084-இல் லீப் நாளைச் சேர்த்து அதைச் சரிசெய்தவர் இவர்.

1045-இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியரும் 1064-இல் செல்ஜுக் துருக்கியரும் அனியைப் பிடித்தார்கள். வணிகம் அதற்குப் பின்னும் நடந்தது. மெல்ல மெல்லத்தான் ஊர் காலியானது. 1319-இல் வந்த நிலநடுக்கத்தில் பேராலயத்தின் குவிமாடம் விழுந்துவிட்டது. சுவர்கள் நிற்கின்றன. ஆனால் ஹேகியா சோஃபியாவின் மேற்குப் பக்கத்தில் திர்தாத் செப்பனிட்ட பகுதி இன்றும் தலைக்கு மேலே இருக்கிறது. இஸ்தான்புல் போனால் அண்ணாந்து பாருங்கள்.